கண்ணாடிக்காரர் உடைத்த மாத்திரை

கண்ணாடியை உடைக்கப் பலம் வேண்டாம். எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லிவிட்டால் போதும். சின்னச் சக்கரம் பொருத்திய வெட்டுகோலை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுச் சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. போன கோட்டின் மேலேயே திரும்பப் போகவும் கூடாது. பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல். லேசாக மடக்கினால் 'டிக்'கென்று ஒரு சத்தம். ஒன்று இரண்டாகிவிடும்.

இந்த ஒரு வேலையைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார். முனையில் வைரத்துணுக்கு வைத்த கோலால் வெட்டிய காலத்திலேயே தொழில் பழகியவர் என்பதால் கடைவீதியில் அவருக்கு 'வைரம்' என்றே பெயர். "பேரு வைரம், கையில ஒரு பித்தள மோதரம்கூட இல்ல" என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவார். அந்த அம்மாவுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: ஃபிரேமம்மா. கணவர் வெட்டும் கண்ணாடிக்கு மரச்சட்டம் அடிப்பவர் அவர். சட்டத்தின் மூலைகளை இடைவெளி தெரியாமல் சேர்ப்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வெட்டி வெட்டிப் பழகிய கை எதையும் முழுசாக விட்டுவைக்காது. வைரம் ஒரு தேநீர் வாங்கினால் இரண்டு தம்ளரில் மட்டம் பார்த்து ஊற்றுவார். ஒரு பழம் என்றால் நடுவில் கத்தி இறங்கும். பத்திரிகையைக்கூட மடிப்பில் பிரித்து ஆளுக்குப் பாதி படிப்பார்கள். செய்தியின் தலை ஒருவரிடமும் வால் இன்னொருவரிடமும் போய்விடும். மாலையில் இரண்டையும் ஒட்டவைத்துச் சண்டை போடுவார்கள்.

பெரிய கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. கூலிக்கு ஆள் வைக்கும் அளவுக்குக் கடை பெரிதுமல்ல. ஆகவே அடுக்குமாடிப் படிகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைரம், அந்தப் பக்கம் ஃபிரேமம்மா, தப்படி ஒத்து ஏறுவார்கள். மணவாழ்க்கையில் பெரும்பகுதி வைரம் தம் மனைவியின் முகத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். அதனால்தான், ஃபிரேமம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதை அவர் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தார். கண்ணாடியின் அந்தப் பக்கம் ஆவி படியும். அது கலைவதற்குள் அடுத்த மூச்சின் ஆவி வந்து படியும். முன்பெல்லாம் மூன்றாவது மாடியில் தெரிந்தது, பிறகு முதல் மாடியிலேயே தெரிந்தது.

"என்ன, வண்டி சூடாயிடுச்சா?" என்பார்.

"பரவால்லங்க, ஏறுங்க" என்பார் ஃபிரேமம்மா.

மூச்சு வாங்கியது ஃபிரேமம்மாவுக்கு; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் உட்கார்ந்தது வைரம். நோய் வரிசையில் நின்று வருவதில்லை. பெரிய மருத்துவமனையில் அடைப்பை எடுத்தார்கள், உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. பம்ப் பழைய பலத்தில் அடிக்காது, இனிமேல் மாத்திரையும் கட்டுப்பாடும்தான் என்றார்கள். கண்ணாடி தூக்குவது அன்றோடு நின்றது. கடையில் உட்கார்ந்தபடி கைக்கடக்கமான துண்டுகளை மட்டும் வெட்டினார்.

அந்த மருத்துவமனையின் நடைபாதைக் கோடியில் ஓர் ஆராய்ச்சி அறை இருந்தது. முன்பு துணிமணி அடுக்கும் அறையாக இருந்ததை நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்து, உள்பாதிக்குக் குளிர்சாதனம் போட்டு, ஒரு குளிர்ப்பெட்டியும் எடைக்கருவியும் வைத்திருந்தார்கள். அங்கே இருந்த சிஸ்டர் ஒருநாள் வைரத்தை உட்காரவைத்து விளக்கினார்.

"புது மாத்திரை ஒண்ணு இருக்குய்யா. இதயம் பலவீனமானவங்களுக்கு உதவுமான்னு பாக்குறோம். நீங்க இப்ப சாப்பிடுறதெல்லாம் அப்படியே தொடரும். அதுகூட இது. ஆனா சிலருக்குத்தான் நிஜ மாத்திரை. மத்தவங்களுக்கு பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"தெரியாமலேவா குடுப்பீங்க?"

"தெரிஞ்சிட்டா மனசு ஏமாத்திடும். இவருக்கு நிஜ மாத்திரைன்னு தெரிஞ்சா, நீங்க சும்மா சிரிச்சாலே 'நல்ல முன்னேற்றம்'னு எழுதிடுவேன்."

வைரத்துக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. "கண்ணளவ நம்பி வெட்டுனா ஜன்னல்ல நிக்காதும்மா. அளவுகோல் வெச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஃபிரேமம்மாவின் தம்பி இதைக் கேட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டார். "என்ன மாமா, எலி கெடைக்காம உங்களப் புடிச்சிட்டாங்களாமே?"

"எலிக்கு கையெழுத்து போடத் தெரியாதே மாப்ளே. அதான்."

வைரம் கையெழுத்துப் போட்ட அன்று ஃபிரேமம்மாவும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எனக்கும்தான் மூச்சு வாங்குது. என்னையும் சேத்துக்கோங்களேன்." சிஸ்டர் விதியைச் சொன்னார்: ஸ்கேனில் பம்ப் பலவீனம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த ஆய்வு. "அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்திருக்கா?"

எடுத்திருந்தால்தானே. ஃபிரேமம்மா வெளிநோயாளி வரிசையில் நிற்காதவர் அல்ல. முதல் முறை போனபோது, நிமிர்ந்து பார்க்காமலே வாயு என்று மாத்திரை எழுதினார்கள். அடுத்த முறை, "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும், மனசப் போட்டு கொழப்பிக்காதீங்க" என்றார்கள். இன்னொரு முறை ரத்த அழுத்தம் அதிகம் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஸ்கேனுக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்டபோது, "எதுக்கு?" என்றார்கள். ஆண் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது இதயம். பெண் ஒருத்தி அதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது வாயு, வயது, மனசு. இப்படிப் பிரித்துப் பார்க்க எந்த உடற்கூற்று நூலும் சொல்லித்தரவில்லை. படித்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாடம் அது.

ஆகவே வைரம் தமக்குத் தெரிந்த வழியில் நியாயம் செய்தார். மாத்திரை நீள்வட்டமாக, மஞ்சள் பூச்சோடு இருந்தது. உடைப்பதற்கென்று அதில் கோடு போட்டிருக்கவில்லை. வைரத்துக்குக் கோடு எதற்கு? இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்தார். டிக்.

"பாதி மருந்து வேல செய்யுமாங்க?" என்றார் ஃபிரேமம்மா.

"ஏன் செய்யாது? ரெண்டு பேருக்கும் பாதி பாதி நல்லாகும். நமக்கு அது போதாதா?"

தப்பு என்று வைரத்துக்குத் தெரியாமலில்லை. ஆனால் சொன்னால் ஆய்விலிருந்து கழற்றிவிடுவார்கள். கழற்றிவிட்டால் தம் மாத்திரையோடு மனைவியின் பாதியும் போய்விடும். வேறு யாரும் ஃபிரேமம்மாவுக்கு எதுவும் கொடுக்கப்போவதில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டார். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் பாட்டிலை வாங்கி மிச்ச மாத்திரைகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருக்கும். நாளுக்கு ஒரு மாத்திரைதானே குறைகிறது, அதை எத்தனை பேர் தின்றார்கள் என்று எண்ணிக்கை சொல்லுமா?

இதில் இன்னொரு பிழையும் கலந்தது. புது மாத்திரை வீட்டுக்குள் வந்த பிறகு, ரத்த அழுத்தத்துக்கென்று கொடுத்திருந்த பழைய மாத்திரையை ஃபிரேமம்மா அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். "புதுசு இருக்கும்போது பழசு எதுக்கு?" என்றார். வைரம் தடுக்கவில்லை. எளிதில் கிடைக்கும் எதற்கும் மதிப்பில்லை என்ற எண்ணம் அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. ஊர் முழுக்க விற்கப்படும் எண்ணம்தான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று காலையில் கேட்பார்.

"பரவால்லங்க. முன்னைக்கு நல்லாருக்கு."

பரவாயில்லை என்பது ஃபிரேமம்மாவின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த சொல். அடுப்பில் சுட்டுக்கொண்டாலும் அதுதான், ஆணி கையில் இறங்கினாலும் அதுதான். முன்பு அந்தச் சொல்லைச் சரிபார்க்க வைரத்திடம் ஒரு கருவி இருந்தது: இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. கண்ணாடி தூக்குவது நின்ற பிறகு அவர் மனைவியின் வார்த்தையை மட்டும்தான் கேட்டார்.

ஆய்வின் நடுவில் ஒருநாள் வித்தியாசமாக அழைத்தார்கள். அன்று மாத்திரையை வீட்டில் சாப்பிட வேண்டாம். சிஸ்டர் முன்னால் சாப்பிட வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுப்பார்கள். ஃபிரேமம்மாவும் கூட வந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆராய்ச்சி அறை வரைக்கும் நடந்து வந்ததில் அவர் ஒன்றும் பேசவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்று நடைபாதை பெஞ்சில் தங்கிவிட்டார்.

உள்ளே சிஸ்டர் ரத்தம் எடுத்தார், வழக்கம்போல் வைரத்தின் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கி விட்டுப் பார்த்தார். குழி விழவில்லை. "வீக்கம் இல்ல, நல்லது" என்றார். ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் தம்ளரை நகர்த்தினார். "சாப்பிடுங்கய்யா."

வைரத்தின் எண்ணம் வேறு எங்கோ இருந்தது. தடுப்புக் கண்ணாடியை எவனோ அரைகுறையாகப் பொருத்தியிருக்கிறான், ஓரத்து இடுக்கை அடைக்கும் மக்குக் களிம்பைச் சரியாக அப்பவில்லை, ஒருநாள் ஆடப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல்கள் தம் பாட்டுக்குச் சேர்ந்தன. டிக். ஒரு பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மறு பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போட்ட பிறகுதான் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

சிஸ்டர் கத்தவில்லை. "என்னய்யா அது?" என்றார்.

"இல்லம்மா... முழுசா முழுங்க கஷ்டமா இருக்கு. மீதிய அப்புறம்..."

"எவ்வளவு சுத்தமா உடைச்சீங்க. நான் கத்தி வெச்சு உடைச்சாகூட பொடிதான் ஆகும். இது இன்னைக்குப் பழகின கை இல்ல." சிஸ்டர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பாதி யாருக்கு?"

இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வைரம் தலையை நிமிர்த்தினார். உள்ளே நேரமாகிறதே என்று ஃபிரேமம்மா எழுந்து வந்து தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குளிர், வெளியே புழுக்கம். அவர் வாய்க்கு நேராக ஆவி படிந்தது. கலைவதற்குள் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. படி எதுவும் ஏறாமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்து எழுந்த மனுஷி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவி பெருகி, வாயை மறைத்து, மூக்கை மறைத்து, முகம் பாதி தெரியாமல் போயிற்று. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு ஃபிரேமம்மா, பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார்.

"அவளுக்கு" என்றார் வைரம்.

சிஸ்டர் டாக்டரை அழைத்தார். ஆய்வை நடத்தும் அந்த மனிதர் முதலில் கோபப்பட்டார். கோபத்தில் நியாயமும் இருந்தது. "அது நிஜ மாத்திரையா இருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த அம்மாவோட பிரஷர் பாத்தீங்களா, கிட்னி பாத்தீங்களா? எதுவும் தெரியாம தெனம் குடுத்திருக்கீங்க."

வைரம் எழுந்து நின்றார். எழுந்து நின்று பெரிய மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லாதவர். "தப்புதான் டாக்டர். எழுதிக்கோங்க. வெளிய அனுப்பணும்னா அனுப்பிடுங்க. ஆனா எதுவும் பாக்கலன்னு சொல்றீங்களே, பாக்கச் சொல்லி அவ எத்தன தடவ வந்தா? வாயுன்னீங்க. வயசுன்னீங்க. நான் வரும்போதெல்லாம் என் கால அமுக்கிப் பாக்குறீங்க. அவ என்கூடத்தான் வந்து அந்த பெஞ்சில உக்காருறா. அவ கால யாராவது ஒரு தடவ தொட்டீங்களா? நானும் தொடல. அதையும் எழுதிக்கோங்க."

பதில் சொல்ல டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் நடைபாதைக்குப் போய்விட்டார். ஃபிரேமம்மாவை உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். ஈர மக்கில் விரல் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது. பின்னால் வந்து நின்ற டாக்டர் அதைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"அது கெடக்கு டாக்டர், பரவால்ல. சாயந்தரத்துல கொஞ்சம் கூடும். அவரத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன்." அது பொய்.

டாக்டரும் அதற்குப் பிறகு யாரையும் திட்டவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் எழுதித்தரக் கை வராத அதே ஸ்கேன். மாலையில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பம்ப் பலமாத்தான் அடிக்குது. அதனால ஐயா இருக்குற ஆய்வுல அம்மாவ எப்படியும் சேத்திருக்க முடியாது. ஆனா சுவர் வெறச்சுப் போயிருக்கு. தளர்ந்து விரிஞ்சாத்தான் ரத்தம் நெறையும். இது விரிய மாட்டேங்குது. அதனால நுரையீரல்ல, கால்ல நீர் தேங்குது. பல வருஷ பிரஷர் பண்ணின வேல."

"இதுக்கு மருந்து இருக்கா?"

"நீர் வெளியேற ஒரு மாத்திரை. பிரஷருக்கு ஒழுங்கா மாத்திரை. உப்பு குறைக்கணும், தெனமும் எடை பாக்கணும். நீங்க சொன்ன மாதிரி பிரஷர் மாத்திரைய நிறுத்தினதால கொஞ்சம் மோசமாகியிருக்கு. சமாளிச்சிடலாம்."

"நீர் மாத்திரை புதுசா?"

"இல்ல. ரொம்பப் பழைய மருந்து."

வைரத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தம் மனைவிக்குத் தேவைப்பட்டது உலகம் இன்னும் கண்டுபிடிக்காத மருந்து அல்ல. கண்டுபிடித்துக் காலங்கள் ஆன மருந்து. நடுவில் இல்லாமல் போனது ஒரு கட்டைவிரல் அழுத்தம்தான்.

"என்னைய எப்ப வெளிய அனுப்புவீங்க?" என்று கேட்டார் கடைசியில்.

டாக்டர் வியப்பாகப் பார்த்தார். "ஏன் அனுப்பணும்? பாதிதான் சாப்பிட்டாருன்னு உள்ளத உள்ளபடி எழுதுவோம். ஒருத்தர் ஆய்வுக்குள்ள வந்துட்டா, ஒழுங்கா சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கடைசிவரைக்கும் கணக்குல இருப்பாரு. வேண்டாதவங்கள கழிச்சிட்டா அப்புறம் அது ஆய்வே இல்ல."

அப்படியானால் முதல் மாதமே சொல்லியிருக்கலாம். வைரத்துக்கு அந்த எண்ணம்தான் வீட்டுக்குப் போன பிறகும் உறுத்தியது. ஆனால் எப்படிச் சொல்லியிருப்பார்? வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அவருக்குப் படித்துக் காட்டினார்கள். தவறு செய்தாலும் விரட்ட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. உண்மை பேசுகிறவனை வரிசையிலிருந்து வெளியே தள்ளுவார்கள் என்பதை எத்தனையோ அலுவலக ஜன்னல்கள் அவருக்குப் பழக்கிவைத்திருந்தன.

ஃபிரேமம்மா சில நாள் வார்டில் இருந்தார். தேங்கிய நீர் இறங்க இறங்க, முகத்தில் பழைய எலும்புகள் தெரிந்தன. தலையணையை உயர்த்திவைக்காமல் தூங்கினார். "முன்னாடி பரவால்லன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யில்லங்க. நல்லா இருக்குறது எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு" என்றார்.

ஆய்வு முடிந்தது. யார் யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியத்தை வெளியிட்டார்கள். தெரிந்துகொள்ள விருப்பமா என்று சிஸ்டர் கேட்டபோது, "பின்ன? அதுக்குத்தானே வந்தேன்" என்றார் வைரம். மாத்திரையால் பலன் இருந்தது, ஓரளவுக்கு. ஆனால் அது நிஜ மாத்திரை கிடைத்தவர்களுக்கு. வைரத்துக்கு வந்தது வெறும் மாத்திரை.

ஃபிரேமம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கேலி செய்யத் தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. "ஒண்ணுமில்லாதத ரெண்டா வெட்டினது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மாமா."

"வெட்டும்போது சத்தம் கேட்டுச்சே மாப்ளே."

கடைவீதியில் இந்தக் கதை பரவி, அதற்கு மெருகும் ஏறியது. மருந்தே இல்லாத மாத்திரை இருவரையும் காப்பாற்றியதாம், அன்பாகப் பகிர்ந்து சாப்பிட்டதன் மகிமையாம். பழச்சாறுக் கடைக்காரர் கண் கலங்க இதைச் சொன்னபோது வைரம் வெட்டுகோலைக் கீழே வைத்துவிட்டார். "அன்பா? அவ கால் வீங்கிக் கெடந்தப்போ அன்பு என்ன பண்ணுச்சு? பக்கத்துல உக்காந்து 'எப்படி இருக்கு'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாங்க, தண்ணி எறக்கினாங்க, பொழச்சா. கதைய மாத்தாதீங்க."

வெறும் மாத்திரை என்பதில் அவருக்கு வருத்தமில்லை. அவரைப்போல வெறும் மாத்திரை விழுங்கியவர்கள் இருந்ததால்தான் நிஜ மாத்திரையின் பலன் தெரிந்தது. அளவுகோலின் ஒரு முனை சும்மா இருந்தால்தான் மறு முனையில் அளவு தெரியும். ஒன்றுதான் அவரைக் குடைந்தது: ஒன்றுமில்லாத மாத்திரையைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இருவரும் மனமாரச் சொன்னார்களே.

பிறகு ஒருநாள் அதே டாக்டர் ஃபிரேமம்மாவிடம் பேச வந்தார். விறைத்துப்போன இதயங்களுக்கென்று புதிதாக ஓர் ஆய்வு. சேர விருப்பமா என்று கேட்டார். வைரம் முந்திக்கொண்டு தலையாட்டப் போனார். ஃபிரேமம்மா கையமர்த்தினார்.

"இதுல என்னைய மாதிரி பொம்பளைங்க எத்தன பேரு?"

டாக்டர் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். "சரிபாதிக்குக் கொறையக் கூடாதுன்னு இந்தத் தடவ விதியிலயே எழுதியிருக்கோம்மா."

"மாத்திரைய மாத்தியோ உடைச்சோ சாப்பிட்டுட்டா வெரட்டுவீங்களா?"

"மாட்டோம்."

"அதையும் முதல்லயே எல்லாருக்கும் சொல்லுங்க. எழுதியும் போடுங்க. அப்புறம் கையெழுத்து போடுறேன்."

சொன்னபடியே எழுதினார்கள். போட்டார்.

முதல் நாள் காலை. ஃபிரேமம்மா எடைக்கருவியில் ஏறி இறங்கி, மேசையில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, வட்டமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வைரத்தின் இரண்டு கட்டைவிரல்களும், அவர் சொல்லாமலே, மேசை மேல் நகர்ந்து வந்தன.

ஃபிரேமம்மா உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"கைய எடுங்க. இது முழுசு. என்னோடது."

வைரம் கையை எடுத்துக்கொண்டார். தேநீரை மட்டும் மட்டம் பார்த்து இரண்டு தம்ளரில் ஊற்றினார்.